நான் போகாத பதினொரு வீடுகள்

கண்ணு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை பொய் சொன்னது. முகம்கூடக் கழுவவில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே, காய்ச்சல், இன்றைக்குக் களத்துக்கு வர முடியாது என்று என் மேற்பார்வையாளருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "உங்க வாய்ஸே சரியில்லீங்க மேடம். நல்லா ரெஸ்ட் எடுங்க. சனிக்கிழமைக்குள்ள அப்லோடு பண்ணீட்டீங்கன்னாப் போதும்." குரல் சரியில்லாமல் போனது காய்ச்சலால் இல்லை. நேற்று மாலை ஒரு வீட்டில் கேட்டது இரவு முழுக்கத் தூங்க விடவில்லை. உன் அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்லையே" என்றார். "உள்காய்ச்சல்" என்றேன். அது இரண்டாவது பொய். அவர் வேலைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சொல்லு மா, சொல்லு மா" என்று அவசரப்படுத்துவாய். நான் பாதியில் "சாப்பிட்டாயா" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீ வெளிநாட்டுக்கு விமானம் ஏறப் போகிறாய். எந்த ஆய்வேட்டைப் பார்த்து உன்னை அங்கே மேற்படிப்புக்குக் கூப்பிட்டார்களோ, அதன் நடுவில் ஒரு ஊர் இருக்கிறது. மற்ற ஊர்களெல்லாம் சரியும்போது அது மட்டும் தனியாக மேலே நிற்கிறது என்று நீ வியந்த ஊர். அந்த ஊர் இருக்கிறது. ஆனால் நீ வியந்தது அங்கே நடக்கவில்லை. நடந்ததாக எழுதியவள் நான்.

இதை இரண்டு முறை படித்துப் பார். நானும் நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல இருக்கிறது.

என் வேலை என்னவென்று நம் சொந்தத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது நான் இதில் சேர்ந்தேன். புள்ளியியல் படித்துவிட்டுப் பத்து வருடம் சும்மா இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. என் மாமனார் ஒரு விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும், "ஊரான் ஊட்டுச் சோத்த எண்றதுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னது பாதி சரிதான். போன வாரம் எத்தனை கிலோ அரிசி சமைத்தீர்கள், எத்தனை முட்டை, எத்தனை ஆடு, காடு சொந்தமா குத்தகையா, போரில் தண்ணீர் எத்தனை அடியில், வீட்டில் யார் படிக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள். இதைத்தான் கேட்கிறோம். நாடு முழுவதும் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் சர்வேயின் உயிர் அந்தக் கேள்விகளில் இல்லை. சில வருடம் கழித்து அதே வீட்டுக் கதவை மறுபடியும் தட்டுவதில் இருக்கிறது. புது வீட்டுக்குப் போவது எளிது. பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகும்போதுதான் தெரியும், யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், எந்தப் பிள்ளை எங்கே போனது என்று. அதனால் எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்வார்கள்: ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தைப் பற்றி அந்த அடுப்பில் சாப்பிடும் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியை எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகச் சொல்லிக் கொடுப்பேன் என்று பெயர்கூட உண்டு.

பத்து நாளைக்கு முன்னால் நீ கூப்பிட்டாயே, நான் குக்கர் வைத்திருந்தபோது. "அம்மா, நீ எடுத்த டேட்டாலதான் நான் பாஸாயிருக்கேன்" என்றாய். பண்ணையத்தில் கூலிக்குப் போகும் குடும்பங்களில் எங்கே பார்த்தாலும் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிடுகிறார்கள், ஆனால் நம் பக்கத்தில் ஒரே ஒரு ஊரில் மட்டும் ஒருத்திகூட நிற்கவில்லை என்றாய். பனியன் கம்பெனி வேன் தினமும் அந்த ஊருக்கு வருவதால் அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள், அம்மா சம்பாதிப்பதால் மகள் படிக்கிறாள் என்று காரணமும் சொன்னாய். உன் பேராசிரியர் அந்தப் பக்கங்களை இரண்டு முறை வாங்கிப் படித்தார் என்றாய். ஊர்ப் பெயரை மறைத்துத்தான் தருவார்கள், ஆனாலும் அது எந்த ஊராக இருக்கும் என்று என்னைக் கேட்டாய். நேரில் போய்ப் பார்க்க ஆசை என்றாய். "எத்தனை வீடு?" என்று கேட்டேன். "பதினொன்னு" என்றாய். குக்கர் விசில் அடித்தது, அடுப்பை அணைக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பதினொரு வீடு எத்தனையோ ஊரில் இருக்கும் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் அந்தச் சமாதானத்தோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன். அந்த வேலையை நான் எவ்வளவு சுலபமாகச் செய்தேன் என்பதே இப்போது எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

அது உன் மாமாவின் ஊர். அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே போகும் அந்தச் சாலை உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், நீ பிளஸ் டூவில் காலெடுத்து வைத்த ஜூன் மாதம், அந்த ஊரை எடுத்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள், இரண்டாவது சுற்றை எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் சொல்லவில்லை. சொன்னால் தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரைக் கொடுப்பார்கள், நீ ஐந்து மணிக்கு டியூஷன் போக வேண்டும், உன்னைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. பட்டியலில் உன் மாமா, என் அண்ணன் வீடும் இருந்தது, அவருடைய தோட்டத்திலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் வேலை செய்யும் பதினொரு குடும்பங்களும் இருந்தன.

அண்ணன் வீட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. அவருடைய முருங்கையில் எத்தனை மரம், மூலனூர் மார்க்கெட்டுக்கு வாரத்துக்கு எத்தனை மூட்டை போனது, எருமை எத்தனை லிட்டர் கறந்தது, எந்தப் போர் எப்போது வற்றியது என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒரு ஏக்கரைக் குறைத்து எழுதிவிட்டேன் என்று திருத்தக்கூடச் சொன்னார். மணி இரண்டு ஆகிவிட்டது. இனி காலனிக்குப் போக வேண்டும் என்று எழுந்தேன்.

"இந்த வெயில்ல அங்க போயி எவனூட்ல உக்காருவே அம்மிணி? எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க. எழுது, நான் சொல்றேன். அவங்கூட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு அவங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்."

உட்கார்ந்தேன். உன் அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். ரேஷன் அரிசி, இரண்டு ஆடு, ஒரு டிவி, ஓட்டு வீடு. ஒரு வீடு முடிந்தால் அடுத்தது. பெண் பிள்ளைகளின் கட்டம் வந்தபோது நிறுத்தினேன்.

"பொண்ணுங்க என்ன பண்றாங்கண்ணா?"

"படிக்குதுன்னு போடு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். பத்து முடிச்சது பிளஸ் ஒன் போகுது, பிளஸ் ஒன் முடிச்சது பிளஸ் டூ போகுது. நீ பாட்டுக்கு மில்லு கில்லுன்னு எழுதி வெச்சு, நாளைக்கு எவனாச்சும் ஜீப்புல வந்து எறங்குனான்னா கேவலம் ஆருக்கு? நம்ம ஊருக்குத்தானே?"

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. எழுதினேன். ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் 'படிக்கிறார்' என்று. பதில்களை எழுதும் எங்கள் டேப்லெட்டில் ஒவ்வொரு வீட்டின் ஜிபிஎஸ் இடத்தையும் பதிய வேண்டும், ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதற்காக மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலனி வரைக்கும் போனேன். தண்ணி டேங்க் பக்கத்தில் நின்று, நாலடி இப்படி, நாலடி அப்படி நகர்ந்து பதினொரு முறை அழுத்தினேன். பத்து நிமிட வேலை. நீ ஐந்து மணிக்கு டியூஷனில் இருந்தாய்.

வெயிலும் உன் டியூஷனும் காரணங்கள்தான். மூன்றாவது ஒரு காரணம் இருந்தது, அதை நான் எனக்குள்கூட ஒத்துக்கொண்டதில்லை. காலனியில் ஒரு வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் நான் வாங்கிக் குடிப்பேன், அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அண்ணன் ஊரில், அண்ணன் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து, அந்தச் சொம்பை வாங்க எனக்குத் தைரியம் இல்லை. வாங்காமல் இருக்கவும் வெட்கம். போகாமல் இருந்துவிட்டால் இரண்டும் வேண்டியதில்லை. உனக்கு எல்லோரும் சமம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் செய்த காரியம் இது.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். நீ ஏழாவது படிக்கும்போது, அறிவியல் தேர்வில் மூன்று கேள்விகளை எழுதாமல் வந்தாய். தெரியவில்லை, அதனால் எழுதவில்லை என்றாய். நான் உன்னைத் திட்டினேன். தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, காலியாக மட்டும் விடாதே, பாதி மார்க்காவது போடுவார்கள் என்றேன். நீ அதற்குப் பிறகு எதையும் காலியாக விட்டதில்லை. அந்த அறிவுரையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் கண்ணு. எங்கள் டேப்பில் ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் 'தெரியாது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அன்று ஏழு முறை அதை அழுத்தியிருந்தால் உன் ஆய்வேட்டில் அந்த ஊர் ஓர் ஓட்டையாக இருந்திருக்கும். ஓட்டையாக இருந்திருந்தால் நீயே அதைத் தாண்டிப் போயிருப்பாய்.

நேற்று அதே ஊருக்கு மூன்றாவது சுற்றுக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், அதை மட்டும் நம்பு. ஆர்டர் குறைந்துபோய்ப் பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் இல்லை, பொழுதோடேயே எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காலனிக்குப் போனேன். முதல் வீடு ஞானம்மாவுடையது. அது அவருடைய பெயர் இல்லை. மகளை ஸ்டெல்லா என்று எழுதுகிறேன், அதுவும் மாற்றிய பெயர்தான். இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர யாராவது படிக்க நேர்ந்தால், ஒரு வீட்டில் சொன்னதை அந்த வீட்டின் பெயரோடு நான் வெளியே கொண்டுபோனதாக இருக்கக் கூடாது.

ஞானம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அண்ணன் தோட்டத்தில்தான் முருங்கை பறிக்கிறார். "வாங்க சாமி, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அரிசி, பருப்பு, ஆடு எல்லாம் கேட்டு முடித்தேன். மகளைப் பற்றிய பக்கத்தைத் தொட்டதும், போன சுற்றில் எழுதியது டேப்பில் தானாக மேலே வந்து நின்றது. நாங்கள் அதைப் படித்துக் காட்டி, அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டும். வாசித்தேன். "போன தடவை உங்க பொண்ணு பதினொன்னாவது படிக்கறதா பதிவாகியிருக்குதுங்க. இப்ப எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

"ஆருங்க? என்ற புள்ளயா?" ஞானம்மா என் முகத்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏ ஸ்டெல்லா, இங்க வா புள்ள. நீ பிளஸ் ஒன்னு படிச்சியாமா. கவர்மென்ட்டே சொல்லுது."

அந்தப் பெண் பின்பக்கத்திலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு வயது. கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள், தலைமுடியில் துணித் தூசி இன்னும் இருந்தது.

"நானுங்களா? எந்த குரூப்புங்க அக்கா? பயாலஜிங்களா, காமர்ஸுங்களா? பயாலஜின்னே போட்டுக்கங்க, கொஞ்சம் கெத்தா இருக்கும்."

"மார்க்கு கேளு, மார்க்கு" என்றார் ஞானம்மா.

"பாஸுங்களா அக்கா நான்? பெயிலுன்னா சொல்லாதீங்க, அம்மா அடிக்கும்."

நானும் சிரித்தேன். பழக்கம்தான் காரணம். பதில் சொல்பவர் சிரித்தால் நாங்களும் சிரிப்போம், பேச்சு ஓட வேண்டும் என்பதற்காக. அப்போது அவள் கோபம் எதுவும் இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "அதெப்படிங்க அக்கா? போன தடவ நீங்க எங்க ஊட்டுக்கு வரவே இல்லீங்களே?"

"ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"இருக்குதுங்க. பச்சைச் சேலை கட்டீட்டு டேங்க்கிட்ட நின்னீங்க. அங்கயும் இங்கயும் நடந்து நடந்து போனையே பாத்துட்டு இருந்தீங்க. டவர் கெடைக்கலையாட்ட இருக்குதுன்னு அம்மா சொல்லுச்சு. மேக்காலூட்டுல போயிச் சேர் வாங்கியாந்து போட்டு வெச்சிருந்தோம். அதுக்கு முன்ன வந்த அக்கா உக்காந்து பேசீட்டுப் போனாங்கல்ல, அதே மாதிரி நீங்களும் வருவீங்கன்னு."

"அன்னிக்கு நீங்க வேலைக்குப் போகலீங்களா?"

"இல்லீங்க. அம்மாவும் நானும் ஊட்லதான் இருந்தோம். பத்தாவது பாஸாகியிருந்தேன். மில்லு ஏஜென்ட்டு அடுத்த வாரம் வந்து கூட்டீட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாரு. உங்களைக் கேக்கோணும்னு வெச்சிருந்தேனுங்க. மேல படிக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா, ஆரைப் பாக்கோணும்னு. பாத்தாப் படிச்சவங்களாட்டத் தெரிஞ்சீங்க."

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குப் புத்தி சொல்லி வளர்த்த வாயால் சொன்னேன். "டேங்க்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"வந்தேனுங்க அக்கா. அதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணீட்டீங்க."

ஸ்டெல்லா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு நூல் ஓட்டினாள். காலனியிலிருந்து அவளோடு சேர்த்து ஆறு பேர் ஒரே வேனில் போனார்கள், ஏழாவது பெண்ணுக்கு அதே ஆவணியில் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஏழு பேரில் ஒருத்தியும் பதினொன்றாம் வகுப்பைப் பார்க்கவில்லை. நீ எழுதியபடி அந்த ஊருக்கு வேன் வந்ததென்னவோ உண்மை.

டேப்பில் பதிலை எழுதாமல் அடுத்த பக்கம் போக முடியாது. இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, 'படிப்பை நிறுத்திவிட்டார்'. இன்னொன்று, 'முந்தைய பதிவு தவறு'. முதலாவதைத் தொட்டால் அதோடு முடிந்தது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டாவதைத் தொட்டால் காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறக்கும், அது என் மேற்பார்வையாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் போகும். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஸ்டெல்லா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். முதல் கட்டத்தை வாசித்தாள்.

"நான் நிறுத்தீட்டேன்னு போடுவீங்களா? போகாத பள்ளிக்கொடத்தை நான் எப்படீங்க நிறுத்த முடியும்?"

எதையும் தொடாமல், பாதியில் சேமித்துவிட்டு எழுந்தேன். இப்போது படிக்க ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இப்ப எதுக்குங்க அக்கா?" என்றாள். "ஆர்டர் வந்து ஓவர்டைம் ஆரம்பிச்சாப் போதுமுங்க." இதையெல்லாம் என் வீட்டில் சொல்லலாமா என்றும் கேட்டேன். "ஆருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. அவருக்கு நினைவே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு நினைவு வந்தது. கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

"அது போயி ஆறு வருசம் ஆச்சு. இப்ப வந்து கிளறறே?"

"அந்தப் புள்ள என்னைக் கேக்கறதுக்குக் காத்திருந்துச்சாம்ண்ணா."

"ஏம்மிணி, நான் வாயில சொன்னேன். எழுதுனது ஆரு கையி? உனக்கு அப்பவே தெரியாதா? தெரியாமயா எழுதுனே?"

அண்ணனைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் ஒரு வரியில் என்னை நிறுத்திவிட்டார். அத்தை ஒரு பை நிறைய முருங்கைக்காயை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டாள். "தம்பி வெளிநாடு போறதுக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு" என்றாள். சரி என்றேன். அந்தப் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

இது உன் தவறு இல்லை என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்ததை வைத்து நீ வேலை செய்தாய். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எல்லா ஊரும் ஒருவிதமாக இருக்கும்போது ஓர் ஊர் மட்டும் அவ்வளவு அழகாக நின்றதே, அதை எழுதியவர் அந்த வீடுகளுக்குப் போனாரா என்று உனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? தோன்றியிருக்காது. எழுதியது அம்மா என்று உனக்குத் தெரியும். இனிமேல் உனக்கு வரும் எண்களை யார் எழுதினார்கள் என்று பார்க்காதே, எங்கே நின்று எழுதினார்கள் என்று கேள். அங்கே போய்ப் பெரிய ஆளாக ஆன பிறகும் கேள். ஒரு வீட்டைப் பற்றி அடுத்த வீட்டுக்காரர் விவரமாகச் சொன்னால் நம்பாதே. விவரமாகச் சொல்வதில் என் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த ஊரை எடுத்துவிட்டால் உன் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது. நான் புள்ளியியல் படித்தவள், யோசித்துப் பார்த்தேன், அதிகம் மிஞ்சாது என்று தோன்றுகிறது. அங்கே உன்னைக் கூப்பிட்டவர்கள் இதைக் கேட்டால் என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது. கொடுத்த இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, அல்லது ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தால் போதும் என்பார்களா? அம்மா செய்ததற்கு மகனைத் தண்டிப்பார்களா? இந்தக் கேள்விகளோடு நேற்று இரவு முழுக்கப் படுத்திருந்தேன்.

குறுக்கு வழிகள் எல்லாம் எனக்குத் தெரியும், இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஞானம்மா வீட்டில் 'படிப்பை நிறுத்திவிட்டார்' என்று தொட்டுவிடலாம். மற்ற பத்து வீட்டையும் 'பூட்டியிருந்தது' என்று போட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். அதற்குள் நீ விமானம் ஏறியிருப்பாய், போய்ச் சேர்ந்திருப்பாய், ஒரு அறை எடுத்திருப்பாய். அதற்குப் பிறகு மெதுவாக உண்மையைச் சொல்லலாம், அல்லது சொல்லாமலேயே விட்டுவிடலாம். ஏழு பெண்களும் கணக்கில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இருப்பார்கள். இன்று விடிவதற்குள் இந்த வழியை நான் மூன்று முறை தேர்ந்தெடுத்தேன். காலையில் மேற்பார்வையாளருக்குப் பொய் சொன்னபோதுகூட அந்த வழியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எழுத எழுத மாறிவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு, அவர்கள் வேனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், நான் அந்தக் காலனியில் இருக்கப் போகிறேன். அண்ணன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போவேன். பதினொரு வீட்டுக்கும் போய், டேப்பைத் திறப்பதற்கு முன்னால் அவர்களிடம் சொல்வேன், போன தடவை நான் வராமலேயே உங்களைப் பற்றி எழுதினேன் என்று. அவர்கள் சிரிக்கலாம், திட்டலாம், எனக்கென்ன என்று துணி துவைக்கப் போகலாம். அதற்குப் பிறகு பதினொன்றிலும் 'முந்தைய பதிவு தவறு' என்ற கட்டத்தைத் தொடுவேன். காரணம் கேட்கும் பெட்டியில், இந்த வீடுகளுக்கு நான் போகவில்லை, தோட்டத்துக்காரரான என் அண்ணனைக் கேட்டு எழுதினேன் என்று எழுதுவேன். வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, போகும் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் இப்போது உனக்கு அனுப்பப் போவதில்லை. பதினோராவது வீட்டிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அனுப்புவேன். முன்னாலேயே அனுப்பினால் நீ போன் செய்வாய், வேண்டாம்மா என்பாய். நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.